மஞ்சள் ஸ்டிக்கர் வீடுகள்

"எங்க முறை எப்ப வரும் வைஜூ?"

"வரும்க்கா. ஒன்றரை வருஷம். முதல்ல பச்சைப் பக்கம், அப்புறம் நம்ம பக்கம்."

"அதுக்குள்ள எனக்கு வந்துட்டா?"

"வாயைக் கழுவுக்கா."

"நான் வாயைக் கழுவுறது இருக்கட்டும். உங்க டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளேன், இந்தப் பக்கத்தையும் பாருங்கன்னு. கேட்டா கழுத்தையா வெட்டிடுவாங்க?"

"கேக்குறேன்க்கா."

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டன. கிரிஜாவின் வீட்டுக் கதவில் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி, ஓரம் எழும்பாமல் நகத்தால் தேய்த்துக்கொண்டே வைஜயந்தி கொடுத்த வாக்கு அது. அவள் அதை மறந்துவிடவில்லை. மாதாமாதம் டாக்டர் ஸ்ரீவித்யாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கணக்கு ஒப்பிக்கும்போது அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வரும். எல்லாம் முடிந்ததும் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "வேற ஏதாவது இருக்குங்களா?" என்பார். "ஒண்ணுமில்ல மேடம்" என்று எழுந்து வந்துவிடுவாள். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அடையாள அட்டையும் நீலக் கோட்டும் தந்த வேலை. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதுதான் அதற்கு நல்லது என்று நினைத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் ரோஹிணியின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடிய கவர்.

ஆகுர்டி ரயில் பாதையை ஒட்டிய வஸ்தி அது, நெருக்கமான குடிசைப் பகுதி. கல்லி என்று சொல்லும் சந்தின் அகலம் எட்டடி. இந்த வாசலில் நின்று கரண்டியை நீட்டினால் எதிர்வீட்டுத் தட்டில் குழம்பு விழும். ஏழைக் குடியிருப்புகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை வருமுன் தடுக்க எந்த வழி பலிக்கும் என்று ஆராய்ச்சி செய்ய வந்த திட்டம், கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டு வஸ்தியை இரண்டாகப் பிரித்திருந்தது. எல்லைக்கோடு இந்தக் கல்லியின் நடுச் சாக்கடை. வடக்குப் பக்க வீடுகளுக்குப் பச்சை ஸ்டிக்கர். அந்தப் பெண்களுக்குப் பரிசோதனை, தேவைப்பட்டால் சிகிச்சை. தெற்குப் பக்கத்துக்கு மஞ்சள். அங்கே வைஜயந்தி மாதம் ஒருமுறை போய் நோட்டீஸைப் படித்துக் காட்டுவாள். வீட்டில் யாருக்காவது அந்த நோய் வந்திருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் பரிசோதனையால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம். வைஜயந்தியின் வீடும் தெற்குப் பக்கம்தான். அந்தக் கதவிலும் ஸ்டிக்கரை அவளேதான் ஒட்டினாள்.

ரோஹிணி எரியும் அடுப்பை ஒட்டித் தரையில் சம்மணமிட்டுச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி பையன்கள் சாப்பிடும் மெஸ்ஸுக்கு மத்தியானத்துக்குள் இருநூறு போக வேண்டும். ஈரத்துணி மூடிய கூடையில் பாதி அடுக்கியிருந்தது.

"உன் வீட்டுக்காரர் இருக்காரா?"

"ட்யூட்டிக்குப் போயாச்சு. ஏன்க்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

வைஜயந்தி கதவைச் சாத்திவிட்டு மாவு டின்னின் மேல் உட்கார்ந்தாள். இந்த மாதிரிச் சேதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நிதானமாக, கையைத் தொட்டு, நோய் என்ற சொல்லை முதலில் எடுக்காமல்.

"போன மாசம் கேம்ப்ல எடுத்த டெஸ்ட் வந்திருக்கும்மா. அதுல ஒரு கிருமி தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல. கிருமி இருந்தா நோய்னு அர்த்தம் இல்ல. வியாழக்கிழமை கிளினிக்ல டாக்டர் நேர்ல பார்ப்பாங்க. நானும் கூட வர்றேன்."

உருட்டுக்கட்டை நின்றது. ரோஹிணியின் முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்த வைஜயந்திக்கு அங்கே வந்தது என்ன என்று உடனே பிடிபடவில்லை. ரோஹிணி நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்புறம் அப்படி மூச்சு விட்டதற்கே கூசினவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள். கண் மட்டும் அலமாரிக்குப் போனது. அங்கே மூன்றடுக்கு ஸ்டீல் டப்பா ஒன்று பளபளத்தது. கேம்ப்புக்கு வந்து பரிசோதனை செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் திட்டத்தின் சார்பில் கொடுத்தது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னா சொல்றேன்க்கா."

"சொல்லு."

"நான் போகவே இல்ல."

வெளியே குழாயடியில் யாரோ குடத்தை வைத்த சத்தம் கேட்டது.

"அவருக்கு இதெல்லாம் பிடிக்காது. எனக்கும் கூச்சம். நக்கோ, வேண்டாம்னுட்டேன். ஆனா டப்பா தர்றாங்களேன்னு ஒரு ஆசை. எதிர்வீட்டு கிரிஜாக்கா, 'உன் கேம்ப் கார்டை என்கிட்ட குடு, நான் போறேன்'னாங்க. டெஸ்ட் அவங்களுக்கு, டப்பா எனக்குன்னு பேசிக்கிட்டோம்."

கேம்ப் அன்று வைஜயந்திக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தது கல்லூரியிலிருந்து வந்த ஒரு பெண். அவளுக்கு இந்தக் கல்லியில் யாரைத் தெரியும்? "ரோஹிணி?" என்று கூப்பிட்டிருப்பாள். கிரிஜா எழுந்து, "ஹோ, நான்தான்" என்றிருப்பாள்.

வைஜயந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கவரை மறுபடி பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டப்பாவைத் திருப்பிக் குடுக்கணுமாக்கா?" என்று ரோஹிணி மெதுவாகக் கேட்டாள்.

"முதல்ல சப்பாத்தியைப் பாரு. தீயுது."

எட்டடி தாண்டி எதிர்ப்பக்கம் போவதற்கு அன்றைக்குத்தான் அவ்வளவு நேரம் எடுத்தது.

கிரிஜா வாசற்படியில் வெளிச்சத்துக்காக உட்கார்ந்து ரப்பர் வாஷர் வெட்டிக்கொண்டிருந்தாள். போசரியிலிருந்து வண்டிக்காரன் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான். அச்சிலிருந்து வந்த வாஷரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறை, வளைந்த சின்னக் கத்தரியால் ஒரே சுற்றில் எடுக்க வேண்டும். கத்தரி ஆழமாய்ப் போனால் வாஷர் பாழ். நாற்பத்தாறு வயதில் கிரிஜாவின் கட்டைவிரல் நகம் நிரந்தரமாகக் கறுத்துப்போயிருந்தது.

"உள்ள வாக்கா, பேசணும்."

"இங்கயே சொல்லு. ரோஹிணி வீட்டுல கதவைச் சாத்தினப்பவே தெரிஞ்சுபோச்சு."

வைஜயந்தி பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பயிற்சியில் சொன்ன வரிசை ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. கிரிஜா கேட்டுக்கொண்டே இன்னும் மூன்று வாஷர் வெட்டினாள். நாலாவதில் கத்தரி உள்ளே போய்விட்டது. அதைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"எங்கக்கா ஷோலாப்பூர்ல இதே நோயில செத்துப்போனாளே, அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும் இல்ல?"

"அவங்களுக்கு யாரும் பார்க்கலக்கா. உனக்குப் பார்த்தாச்சு. ரெண்டும் ஒண்ணில்ல."

"நீ கேக்குறேன்னு சொன்ன." கிரிஜாவின் குரலில் கோபம் இல்லை. "ஒன்றரை வருஷம் பார்த்தேன். ஆள் கணக்கு பத்தலை, இன்னும் ஒரு வருஷம் நீட்டிட்டாங்கன்னு நீயே வந்து சொன்ன. அதுக்கு மேல எனக்குப் பொறுமை இல்ல வைஜூ. டெஸ்ட் வேண்டாம்னு கிடந்த கார்டு ஒண்ணு கிடைச்சுது. போயிட்டேன்."

வைஜயந்தி ரப்பர் பிசிறுகளை விரலால் கூட்டிக் குவித்தாள்.

"வியாழக்கிழமையும் ரோஹிணின்னே போயிடுறேன்," என்றாள் கிரிஜா. "உன் வேலைக்கும் ஒண்ணும் வராது."

நடக்கக்கூடிய காரியம்தான். போன வருஷம் ஒரு வீட்டில் தப்பான ஸ்டிக்கரை ஒட்டிவிட்டதற்காகவே கூட வேலை பார்த்த ஒருத்தியை நிறுத்திவிட்டார்கள். இது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் கம்ப்யூட்டரில் ரோஹிணிக்குச் சிகிச்சை ஆகிவிட்டது என்று ஏறிவிட்டால், பிறகு அந்தப் பெண்ணை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவள் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்களே இல்லை. கிரிஜாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்கும்படி ஆனாலோ, அங்கே ஆதார் கேட்பார்கள். அதில் வேறு பெயர், வேறு வயது, வேறு முகம்.

"நாளைக்கே போகலாம்க்கா," என்றாள். "உன் பேர்லயே."

மறுநாள் விடிந்ததும் அவள் கணவன் சபரி முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஆகுர்டியில் கார் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியின் ப்ரெஸ் ஷாப்பில் ஆறு வருஷமாக கான்ட்ராக்ட். சேஃப்டி ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "ராத்திரி நீ சொன்னதை நானும் யோசிச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன்."

"குறட்டை கேட்டுதே."

"யோசிச்சுக்கிட்டே விட்டேன்."

வைஜயந்தி சிரித்துவிட்டாள். அவன் டப்பாவில் சாதத்தை அமுக்கி மூடினாள்.

"வேலை போனா போகட்டும்னு வீரமா சொல்ல எனக்கு வாய் வரல வைஜூ. நம்ம பொண்ணு வைஷுவுக்கு ஜூனியர் காலேஜ் ஃபீஸ் கட்டணும். என் கான்ட்ராக்ட் மார்ச்ல என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. ஆனா கிரிஜாக்காவைப் பொய்ப் பேர்ல படுக்கவைக்க வேண்டாம். போய்ச் சொல்லிடு."

"ம்."

அவன் எழுந்து வாசலுக்குப் போய், கதவிலிருந்த ஸ்டிக்கரை ஒரு தடவை பார்த்தான். வெயிலில் வெளுத்து எலுமிச்சைத் தோல் நிறமாகியிருந்தது.

"நீயும் மஞ்சள்தானே. உனக்கும் நாற்பத்திரண்டு ஆச்சு," என்றான். "ஊருக்கெல்லாம் போய்ப் போய்ச் சொல்ற. உன்னை யாரும் கேக்கலையேன்னுதான் எனக்கு."

கம்பெனி பஸ்ஸின் ஹாரன் அவனைக் கூப்பிட்டது.

கிளினிக் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பேங்க் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளம். டாக்டர் ஸ்ரீவித்யா கோயம்புத்தூர்க்காரர். வானவடியில் வீடு. ஸ்கூட்டரில் ஸ்வர்கேட் வந்து, மெட்ரோ பிடித்துப் பிம்ப்ரியில் இறங்கி, ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். அன்றைக்கு அவர் பையைக் கூட இறக்கவில்லை. வைஜயந்தி மேஜைக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கார்டு மாறியது, டப்பா, தன் காய்ச்சல், ரோஹிணியின் கூச்சம், ஒன்றையும் விடவில்லை. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சுவரில் வஸ்தியின் வரைபடம். பச்சை ஒரு பாதி, மஞ்சள் ஒரு பாதி.

"டெஸ்ட் அவங்களுக்கு, டப்பா இவங்களுக்கா?"

"ஆமா மேடம்."

டாக்டரின் உதட்டோரம் துடித்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார். "இது விளையாட்டில்லைங்க்கா. மேல நான் பதில் சொல்லணும்."

"தெரியும் மேடம்."

"அவங்க இப்ப எங்க?"

"வெளிய பெஞ்சுல. கூட்டிட்டு வந்துட்டேன்."

டாக்டர் கையைக் கழுவப் போனார். "உள்ள வரச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

அதற்கப்புறம் வைஜயந்திக்கு வேலை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கிரிஜாவின் செருப்பையும் துணிப்பையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பெண்களோடு இங்கே வந்து, "ஒண்ணும் இருக்காது, தண்ணி குடிங்க" என்று சொன்ன அதே பெஞ்ச். இன்றைக்கு அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள். அந்த அறையின் கதவு முன்பெல்லாம் இவ்வளவு நேரம் மூடியிருந்ததா என்று யோசித்தாள்.

திட்டத்தின் வேன் ஓட்டும் காசிம் பின்னறையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே மூன்று பெட்டி வாசலில் அடுக்கியிருந்தது.

"என்ன காசிம் பாய் இது?"

"மிச்ச கிட்டும்மா. டெஸ்ட் குச்சி. பச்சைப் பக்கம் முடிஞ்சுதே. அடுத்த மாசம் தேதி போயிடுமாம், ஹெட் ஆபீஸ்க்கு அனுப்பச் சொல்லிட்டாங்க."

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"தேதி போனா எரிச்சுடுவாங்க. வேற என்ன பண்றது." பெட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "ஒண்ணுல அம்பது. கனமே இல்ல பாருங்க."

கதவு திறந்தது. கிரிஜா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே தானாக நடந்து வந்தாள். வைஜயந்தி எழுந்து நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் கிரிஜா.

"என்னக்கா சொன்னாங்க?"

"ஏதோ வினிகர் மாதிரி தடவினாங்க. வெள்ளையா கொஞ்சம் தெரிஞ்சுதாம். சின்னதாம். ஒரு கருவி வச்சு சூடு காட்டினாங்க. ஒரு நிமிஷமோ என்னமோ. தோசைக்கல்லுல விரல் பட்ட அளவு கூட இல்ல." அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையை வைஜயந்தியின் மடியில் வைத்தாள். "ரெண்டு வருஷமா ராத்திரி படுத்தா அக்கா முகம்தான் வரும். இவ்வளவுதானா வைஜூ?"

டாக்டர் வாசலில் வந்து நின்றார். "கேன்சர் இல்லைங்கம்மா. அது வர்றதுக்கு ரொம்ப முன்னால இருக்கற மாற்றம். அப்படியே விட்டிருந்தா சில வருஷத்துல வந்திருக்கலாம். இப்ப எடுத்தாச்சு. ஒரு மாசம் வெயிட் தூக்காதீங்க. ஒரு வருஷம் கழிச்சு வாங்க, மறுபடி பார்ப்போம். உங்க சொந்தப் பேர்ல வாங்க."

"ரெண்டாவது டப்பா உண்டா டாக்டரம்மா?"

இந்தத் தடவை டாக்டரால் அடக்க முடியவில்லை. காசிமும் சிரித்தார். கிரிஜா சிரிப்பினூடே கண்ணைத் துடைத்தாள். வைஜயந்தி வெளியே போய் இஞ்சி தட்டிப் போட்ட டீ வாங்கிவந்து, ஆறவைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

டீ முடிந்து கிரிஜா வாசல் மரநிழலில் உட்கார்ந்ததும், டாக்டர் வைஜயந்தியை உள்ளே கூப்பிட்டார். இந்த முறை நாற்காலியைக் காட்டினார்.

"ரோஹிணியை வரச் சொல்லுங்க. அவங்க வீட்டுக்காரர்கிட்ட நானே பேசறேன். உங்களுக்கு ஒரு மெமோ வருங்க்கா, அதைத் தவிர்க்க முடியாது. வேலை போகாது. நான் எழுதறேன்."

"தேங்க்ஸ் மேடம்."

டாக்டர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். தேதி, வீட்டு எண், நடந்தது என்ன. வைஜயந்திக்கு எழுத்து தலைகீழாகத் தெரிந்தது.

"கிரிஜாக்கா எந்தக் கணக்குல வருவாங்க மேடம்?"

"எதுலயும் வரமாட்டாங்க. பச்சைலயும் இல்ல, மஞ்சள்லயும் இல்ல. நீக்கிடணும்."

"அப்ப அவங்க பொழைச்சது?"

"பொழைச்சது பொழைச்சதுதானுங்க்கா." பேனா ஒரு கணம் நின்றது. "பேப்பர்ல வராது."

அவர் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார். தவறு நேர்ந்ததற்குக் காரணம். ஊழியரின் கவனக்குறைவு என்று ஒரு சின்னச் சதுரம். பங்கேற்பாளர் தந்த தவறான தகவல் என்று இன்னொன்று. இரண்டாவதில் டிக் போட்டுவிட்டு, அதற்குக் கீழே 'பிற' என்று இருந்த கோட்டை வெறுமையாக விட்டார். பேனாவை மூடப் போனவர், வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார்.

"வேற ஏதாவது இருக்குங்களா?"

வைஜயந்தியின் முழங்கால் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தது. அவள் அதை அழுத்தி உட்காரவைத்தாள். ஜன்னலுக்கு வெளியே காசிம் நாலாவது பெட்டியை வேனில் ஏற்றி, மற்ற மூன்றோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மரத்தடியில் கிரிஜா, மடியில் எதுவும் இல்லாத கைகளோடு, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கோட்டுல எழுதுங்க மேடம்," என்றாள் வைஜயந்தி. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "மஞ்சள் பக்கம் நூத்தி எண்பத்தேழு பேரு இருக்கோம். லிஸ்ட்ல நூத்திப் பதினாலாவது நான். வண்டில இருநூறு குச்சி போகுது." ஜன்னலுக்கு வெளியே வேனைக் காட்டினாள். "எங்களையும் பாருங்க மேடம்."